ஷேக்ஸ்பியரை மேடையோடு சேர்த்து வாசிப்பது எப்படி

ஷேக்ஸ்பியர் நாடகத்தை வாசிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அகராதியோடுதான் உட்காருகிறார்கள். வரிக்கு இரண்டு அருஞ்சொல், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிக்குறிப்பு. அரைப் பக்கம் தாண்டுவதற்குள் யார் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே மறந்துபோகிறது. நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்களுக்கு முதல் வாரம் நான் சொற்பொருள் பக்கமே போவதில்லை. இந்த நாடகம் எந்த மாதிரி மேடைக்காக எழுதப்பட்டது, அந்த மேடையில் நின்றவர்களும் எதிரே நின்று பார்த்தவர்களும் எதையெல்லாம் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதில்தான் தொடங்குவேன். அது பிடிபட்டால் அடிக்குறிப்புகளில் பாதியைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது. தனியாக வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களும் பின்பற்றலாம் என்பதால் அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை கொஞ்சம்தான். குறிப்புகள் பக்கத்தின் அடியில் ஒதுங்கி நிற்கும் ஒரு பதிப்பு, ஒரு பென்சில், முடிந்தால் கூட வாசிக்க ஓர் ஆள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை. வாய்விட்டு வாசிக்கக் கூச்சப்படாதவராக இருந்தால் போதும்.

பென்சிலுக்கு முதல் வேலை: காட்சியின் தலையில் "அரண்மனையில் ஓர் அறை", "காட்டின் வேறொரு பகுதி" என்று இடம் போட்டிருந்தால் லேசாக ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். அவை ஷேக்ஸ்பியர் எழுதியவை இல்லை. அவர் இறந்தது 1616இல். உடன் நடித்த ஹெமிங்ஸ், காண்டெல் இருவரும் 36 நாடகங்களைத் திரட்டி ஃபர்ஸ்ட் ஃபோலியோ என்ற பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தது 1623இல். இடக் குறிப்புகளை முறையாகச் சேர்க்கத் தொடங்கியவர் 1709இல் பதிப்பித்த நிக்கலஸ் ரோ. அவர் காலத்து மேடையில் வரைந்த திரைச்சீலைகள் வந்துவிட்டன, அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. உடன் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி பேசுவதைக் காட்ட "அசைடு" என்று அடைப்புக்குறிக்குள் வருவதிலும் பெரும்பகுதி பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் போட்டதுதான். அவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தார்கள், பல இடங்களில் சரியாகவும் செய்தார்கள். ஆனால் நீங்களே கண்டுபிடிக்க வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

பகல் இரண்டு மணி, வெறும் பலகை

இப்போது மேடையை மனதில் கட்டிக்கொள்ளுங்கள். லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் 1599இல் எழுந்தது குளோப் அரங்கம். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் மூன்று அடுக்கு மாடம். முற்றத்துக்குள் துருத்திக்கொண்டு வரும் பலகை மேடை. அதே காலத்தில், 1600இல், ஃபார்ச்சூன் என்ற அரங்கைக் கட்டப் போட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. அதில் மேடையின் அகலம் 43 அடி. மேடைக்கு மேலே இரண்டு தூண்கள் தாங்கும் கூரை, பின்சுவரில் உள்ளே போக வரக் கதவுகள், அதற்கு மேலே ஒரு மாடம், தரையில் ஒரு பொறிக்கதவு. அவ்வளவுதான். முன்திரை கிடையாது. விளக்கை அணைத்து இருட்டாக்க வழி கிடையாது, ஏனென்றால் நாடகம் நடப்பது பிற்பகலில், சூரிய வெளிச்சத்தில். ஒரு பென்னி கொடுத்தவர்கள் முற்றத்தில் மேடையின் மூன்று பக்கமும் நின்றபடி பார்ப்பார்கள். நடிகருக்கு அவர்கள் முகம் தெரியும்.

எங்கள் வகுப்பறைக்கு வராந்தா பக்கம் ஒரே சுவரில் இரண்டு கதவுகள் உண்டு. பெஞ்சுகளை மூன்று பக்கமும் திருப்பிப் போட்டால் குளோப் தயார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் பாடவேளைதான் எனக்குக் கிடைத்தது, அதுவும் சரியாக நாடக நேரம். வீட்டில் இருப்பவர்கள் ஒரு தாளில் செவ்வகம் வரைந்து மேல்பக்கம் இரண்டு கதவு போட்டுக்கொள்ளுங்கள். ஆட்களுக்குப் பதில் பொத்தான்களை வைத்து நகர்த்தலாம். சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு காட்சியில் பேசாமல் நிற்கிறவர் யார் என்பதைக் கவனிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த மேடையில் பார்வையாளர் எதையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. ரோஸ் அரங்கின் உரிமையாளர் ஃபிலிப் ஹென்ஸ்லோவின் தாள்களில், 1598இல் எடுத்த நாடகக் குழுச் சாமான் பட்டியல் இருக்கிறது. பாறை ஒன்று, கூண்டு ஒன்று, நரகத்தின் வாய் ஒன்று என்று போகும் அந்தக் கணக்கில், கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கான அங்கி ஒன்றும் எழுதப்பட்டிருக்கிறது. நடிகர் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் மேடையில் இருக்கும் மற்றவர்களுக்கு அவர் தெரியமாட்டார். பார்ப்பவர்களுக்குத் தெரிவார். அவ்வளவு எளிய ஒப்பந்தம். எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம் நாடகத்தில் தேவதைகளின் அரசன் ஓபரான் "நான் கண்ணுக்குத் தெரியாதவன், இவர்கள் பேசுவதைக் கேட்கப்போகிறேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறான். சொன்னால் போதும், அது நடந்ததாகவே ஆகிவிடும். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

நேரத்தையும் இடத்தையும் வசனத்தில் தேடுங்கள்

ஹாம்லெட் தொடக்கத்தை எடுப்போம். காவலன் ஃபிரான்சிஸ்கோ கோட்டையில் காவல் நிற்கிறான். அவனை மாற்றிவிட பெர்னார்டோ வருகிறான். முதல் வசனம்: "யார் அங்கே?" சொல்வது யார் என்று பாருங்கள். வருகிற பெர்னார்டோ சொல்கிறான். முறைப்படி கேட்க வேண்டியவன் காவலில் நிற்பவன். அதனால்தான் ஃபிரான்சிஸ்கோ "இல்லை, நீ எனக்குப் பதில் சொல். நில், யார் என்று காட்டு" என்று திருப்பிக் கேட்கிறான். வருகிறவன் ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறான், ஏனென்றால் முந்தைய இரவுகளில் இறந்துபோன அரசனின் ஆவியைப் பார்த்தவன் அவன். இவனோ எதையும் பார்க்காதவன். ஆவி என்ற பேச்சே இன்னும் எழவில்லை, ஆனால் பயம் மேடைக்கு வந்துவிட்டது.

அடுத்து, "பெர்னார்டோவா?" என்று ஃபிரான்சிஸ்கோ கேட்கிறான். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறான், முகம் தெரியவில்லை. "மணி பன்னிரண்டு அடித்துவிட்டது, நீ படுக்கப் போ." நள்ளிரவு. "கடுங்குளிர், மனசும் சரியில்லை." குளிர்காலம். பென்சிலால் இந்த மூன்று இடங்களிலும் கோடு போடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்க்கக்கூடிய இரண்டு நடிகர்கள், ஏழெட்டு வரியில் இருட்டையும் குளிரையும் கட்டிவிட்டார்கள். அதே காட்சியின் முடிவில் ஹாம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோ, செம்பழுப்புப் போர்வை போர்த்திய காலை கிழக்கு மலையின் பனித்துளிமேல் நடந்து வருகிறது என்று சொல்கிறான். அது அழகுக்காக மட்டும் வைத்த வர்ணனை என்று விட்டுவிடக் கூடாது. விடிந்துவிட்டது என்பதைச் சொல்ல அந்த மேடைக்கு வேறு வழியே கிடையாது.

எந்தக் காட்சியை எடுத்தாலும் முதல் வாசிப்பில் இதை மட்டும் செய்யுங்கள். பொழுது, இடம், வெளிச்சம், கையில் இருக்கும் பொருள், யார் எதைப் பார்க்கிறார் என்பதைச் சொல்லும் வரிகளுக்கு மட்டும் கோடு. பொருள் புரியாத வரிகளை அப்படியே தாண்டிப் போகலாம். இரண்டாவது வாசிப்பில் அவற்றில் பல தாமாகத் திறந்துகொள்ளும்.

காட்சி எங்கே முடிகிறது என்பதற்கும் அடையாளம் உண்டு. திரை இல்லாததால், மேடையில் ஒருவரும் இல்லாமல் காலியானால் காட்சி முடிந்தது. போகிறவர் பெரும்பாலும் முடிவில் எதுகைபோல ஒலி ஒத்துவரும் இரண்டு வரியைச் சொல்லிவிட்டுப் போவார். அதுவரை எதுகையில்லாமல் வந்த பேச்சில் திடீரென்று அப்படி இரண்டு வரி வந்தால், ஆள் கதவை நோக்கி நகரத் தொடங்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். நாடகத்தை வைத்தே அரசனின் மனசாட்சியைப் பிடிப்பேன் என்று ஹாம்லெட் சொல்லிவிட்டுப் போவது அப்படித்தான். செத்தவர்களுக்கும் இதே சிக்கல். விளக்கை அணைத்துவிட்டு நடிகர் எழுந்து போக முடியாது. அதனால் பிணத்தை யாராவது தூக்க வேண்டும், தூக்குவதற்கு வசனம் வேண்டும். தான் கொன்ற அரசவை அமைச்சர் பொலோனியஸின் உடலைப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போகிறேன் என்று ஹாம்லெட் சொல்வதும், கடைசியில் நான்கு தளபதிகள் ஹாம்லெட்டையே சுமந்து போவதும் அந்தத் தேவையிலிருந்து வந்தவை. தேவையிலிருந்து வந்ததை ஒரு வீரனுக்குச் செய்யும் மரியாதையாக மாற்றிவிட்டதில்தான் ஷேக்ஸ்பியருடைய கை தெரிகிறது.

அடைப்புக்குறி இல்லாத ஸ்டேஜ் டைரக்ஷன்

ஜூலியஸ் சீசர், மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் கூட்டத்திடம் பேசிய பிறகு, சீசரின் நண்பர் ஆண்டனி பேசும் உரை, பரீட்சைக்கு எல்லோரும் மனப்பாடம் செய்வது. இதை ஒருமுறை நின்றுகொண்டு வாசிக்காமல் பரீட்சைக்குப் போகாதீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.

முதலில் பக்கத்தின் வடிவத்தைப் பாருங்கள். புரூட்டஸ் பேசும்போது எழுத்து வலது ஓரம்வரை நிறைந்து போகிறது. அது உரைநடை. ஆண்டனி பேசும்போது ஒவ்வொரு வரியும் ஓரத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது, அடுத்த வரி பெரிய எழுத்தில் தொடங்குகிறது. அது செய்யுள். அரசர்களும் பிரபுக்களும் செய்யுளிலும், வேலைக்காரர்களும் விதூஷகர்களும் உரைநடையிலும் பேசுவது பொதுவான வழக்கம். புத்தி தடுமாறியவர்களும் பலநேரம் உரைநடைக்கு இறங்குவார்கள். லேடி மெக்பெத் தூக்கத்தில் நடந்துகொண்டே பேசும் காட்சி உரைநடைதான். அப்படியிருக்க, உயர்குலத்துப் புரூட்டஸ் ஏன் உரைநடையில் பேசுகிறார்? சீர் பிரித்து அடுக்கிய, நியாயத்தால் மட்டும் ஜெயிக்க நினைக்கும் உரைநடை அது. கூட்டத்தின் அறிவிடம் பேசுகிறார், கூட்டமும் கைதட்டுகிறது. அப்புறம் ஆண்டனி வந்து தாளத்தோடு பேசத் தொடங்குகிறார். அந்தத் தாளம் கூட்டத்தின் உடம்புக்குள் போகிறது. தேர்வுத்தாளில் இதை எழுதுவதற்கு முன்னால் காதால் கேட்க வேண்டும். இரண்டு உரைகளிலும் பத்துப் பத்து வரியை அடுத்தடுத்து வாய்விட்டு வாசித்தால் கேட்கும்.

இனி ஆண்டனி என்ன செய்கிறார் என்று வரிகளிலிருந்தே எடுங்கள். "என் இதயம் அங்கே சீசரோடு பெட்டிக்குள் இருக்கிறது, அது திரும்பி வரும்வரை நான் நிறுத்த வேண்டும்." இதில் பெட்டி எங்கே என்று கைகாட்டுகிறார். தன் துக்கத்தைச் சொல்கிறார். பேச்சை நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் கூட்டத்தில் நாலுபேர் தங்களுக்குள் பேசி மனம் மாறுகிறார்கள். அவர் நிறுத்தியது துக்கத்திலா, அவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்றா? எங்கள் வகுப்பில் இது வருஷாவருஷம் சண்டையில் முடியும். இரண்டுக்கும் வரியில் இடம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்து, "நான் இறங்கி வரட்டுமா? அனுமதி தருவீர்களா?" அப்படியானால் இதுவரை உயரத்தில் நின்றிருக்கிறார். "இறங்கி வாருங்கள்" என்கிறது கூட்டம். "இப்படி என்னை நெருக்காதீர்கள், தள்ளி நில்லுங்கள்." அப்படியானால் கூட்டம் அவர்மேல் விழுகிறது. "இந்த மேலங்கியை உங்களுக்கெல்லாம் தெரியும்." கையில் துணி வந்துவிட்டது. "பாருங்கள், இந்த இடத்தில்தான் காஷியஸின் கத்தி புகுந்தது." விரல் ஒரு கிழிசலில் இருக்கிறது. பிறகு, "அவருடைய உடையில் பட்ட காயத்தைப் பார்த்தே அழுகிறீர்களா? இதோ பாருங்கள், அவரே இங்கே இருக்கிறார்." துணியை விலக்கிவிட்டார். எந்த அடைப்புக்குறியும் இல்லாமல் ஒரு முழு இயக்கக் குறிப்பும் வசனத்துக்குள்ளேயே கிடக்கிறது. போன வருஷம் ஒரு பையன் பெஞ்சிலிருந்து இறங்கி, மேஜைமேல் விரித்திருந்த ஒரு சால்வையை மெதுவாகத் தூக்கினான். கடைசி வரிசைகூட எழுந்து நின்று பார்த்தது. அதற்கு மேல் அந்த உரையைப் பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதோ", "அங்கே", "இந்த", "பார்", "கேள்", "எழுந்திரு", "ஏன் நடுங்குகிறாய்" போன்ற சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு கை, ஒரு கண், ஓர் அடி.

மேஜையில் தட்டிக்கொண்டே வாசியுங்கள்

யாப்பு என்றதும் பயப்பட வேண்டாம். எதுகையில்லாத, வரிக்கு ஐந்து தட்டு விழும் செய்யுளுக்கு ப்ளாங்க் வெர்ஸ் என்று பெயர். சர்ரே பிரபு ரோமக் கவிஞர் வர்ஜிலை மொழிபெயர்க்க ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த வடிவம் இது. 1580களின் கடைசியில் நாடக ஆசிரியர் மார்லோ இதைப் பொது மேடையில் முழங்கவைத்தார். மெலிந்த அசை, அழுத்தமான அசை என்று ஐந்து தடவை வரும். ரோமியோ ஜன்னலைப் பார்த்துச் சொல்லும் வரியைத் தட்டிப் பாருங்கள்: பட் ஸாஃப்ட், வாட் லைட் த்ரூ யாண்டர் விண்டோ ப்ரேக்ஸ். ஸாஃப்ட், லைட், யான், வின், ப்ரேக்ஸ் ஆகிய ஐந்து இடங்களில் விரல் மேஜையில் விழ வேண்டும்.

இந்தச் சீரான தாளம் காதில் ஏறிய பிறகு, அது எங்கே கெடுகிறது என்று பாருங்கள். விஷயம் எப்போதும் அங்கேதான் இருக்கும். "டு பி, ஆர் நாட் டு பி" என்ற வரியில் பத்துக்குப் பதில் பதினோரு அசை. "க்வெஸ்சன்" என்ற கடைசிச் சொல்லின் பின்பாதி வரிக்கு வெளியே தொங்குகிறது. முடிவு தெரியாமல் தவிக்கிறவன் பேசும் வரி சரியாக முடியாமல் நிற்கிறது.

இதைவிடக் கூர்மையான இடம் மெக்பெத், இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. மெக்பெத் அரசன் டங்கனைக் கொன்றுவிட்டு வருகிறான். கொலை உள்ளே நடந்தது, நாம் பார்க்கவில்லை. மனைவி காத்திருக்கிறாள். "நீங்கள் பேசவில்லையா?" "எப்போது?" "இப்போது." "நான் இறங்கி வந்தபோதா?" ஆங்கிலத்தில் இந்த நாலு பேச்சையும் சேர்த்து எண்ணினால் ஒரே ஒரு வரி: நாலு அசை, ஒன்று, ஒன்று, ஐந்து. நல்ல பதிப்புகளில் இவை படிக்கட்டுபோலச் சரிந்து அச்சாகியிருக்கும். அப்படி இருந்தால் நடுவில் மூச்சுவிட இடமில்லை, ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்க வேண்டும் என்று பொருள். அடுத்து அவள் "ஆம்" என்கிறாள். அவன் "கேள்!" என்கிறான். இங்கே வரிகள் நிரம்பாமல் குறையாக நிற்கின்றன. மீதி இடம் அமைதி. இருவரும் இருட்டில் காது கொடுத்து நிற்கிறார்கள். வேகமும் நிசப்தமும் எண்ணிக்கைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. கூட வாசிக்க ஆள் வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது முக்கியமாக இந்தக் காட்சிக்காக. தனியாக வாசித்தால் இதில் பாதி காணாமல்போகும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். அக்காலத்து நடிகருக்கு முழு நாடகமும் கையில் கிடைக்காது. தன் வசனமும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அடுத்தவர் முடிக்கும் இரண்டு மூன்று சொற்களும் மட்டுமே எழுதிக் கொடுப்பார்கள். எட்வர்ட் அலைன் என்ற பெரிய நடிகருக்குக் கொடுத்த அப்படிப்பட்ட ஓலைச்சுருள் போன்ற தாள் ஒன்று லண்டன் டல்விச் கல்லூரியில் இன்னும் இருக்கிறது. இந்த மெக்பெத் காட்சியை அதேபோல இரண்டு தாளில் பிரித்து எழுதி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு வாசியுங்கள். அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாததால் உண்மையிலேயே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பீர்கள். அந்தக் கணவன் மனைவி நிலையும் அதுதான்.

யாரிடம் பேசுகிறார்?

தனிமொழி வந்தால் முதல் கேள்வி இதுதான். பாத்திரம் தனக்குள் முணுமுணுப்பதாகச் சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. குளோப்பில் மூன்று பக்கமும் ஆட்கள் நின்றார்கள், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குக் கண் தெரிந்தது. அவர்களிடம்தான் பேச்சு. தனிமொழியில் பாத்திரம் தான் நம்புவதைச் சொல்லும், பார்ப்பவரை ஏமாற்றாது என்பது வழக்கம். அந்த வழக்கத்தை ஷேக்ஸ்பியர் எப்படி வளைக்கிறார் என்பதற்கு ஒதெல்லோவில் வில்லன் இயாகோவைப் பாருங்கள். தனிமொழிக்குத் தனிமொழி தன் வெறுப்புக்கு வேறுவேறு காரணம் சொல்வான். நம்மைக் கூட்டாளியாக்கிக்கொண்டும் பிடிகொடுக்காமல் நிற்கிறான்.

"டு பி, ஆர் நாட் டு பி" என்று தொடங்கும் ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியில் பென்சிலால் "நான்", "என்" என்பவற்றைத் தேடுங்கள். ஒன்றுகூடக் கிடைக்காது. எல்லாம் "நாம்"தான். காதலி ஒஃபீலியாவைப் பார்த்து அவளிடம் திரும்பும்போதுதான் "என் பாவங்கள்" என்று வருகிறது. தவிர, அப்போது மேடையில் அவளும் இருக்கிறாள், அரசனும் பொலோனியஸும் ஒளிந்திருக்கிறார்கள். பொத்தான்களை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே தெரியும்.

தனிமொழியை அடுத்த பாத்திரம் கேட்காது என்பதும் பொது விதி. அதனால்தான் மீறும் இடங்கள் இனிக்கின்றன. தனியாக இருப்பதாக நினைத்து ஜூலியட் மேலே பேசுகிறாள். கீழே ரோமியோ, இன்னும் கேட்கவா, இல்லை பேசிவிடவா என்று நம்மிடம் கேட்கிறான்.

நேரில் பேசும்போது "தவ்" (நீ), "யூ" (நீங்கள்) இரண்டையும் பிரித்துக் கவனியுங்கள். நீ, நீங்கள் இருக்கும் மொழிக்காரர்களுக்கு இது கைவந்த கலை. ஹாம்லெட்டின் தாய் அவனை "தவ்" என்று அழைத்து, உன் தந்தையின் மனதை மிகவும் புண்படுத்திவிட்டாய் என்கிறாள். அவன் "யூ" போட்டு, அம்மா, நீங்கள்தான் என் தந்தையைப் புண்படுத்திவிட்டீர்கள் என்கிறான். அடுத்த வரியில் அவளும் "யூ"வுக்கு மாறிவிடுகிறாள். நம் வீட்டிலும் கோபம் ஏறினால் பிள்ளையை "நீங்க" என்று கூப்பிடுவோமே, அந்தத் தொனி.

பெண் வேடங்களைப் பற்றிச் சுருக்கமாக. 1660வரை ஆங்கிலப் பொது மேடையில் அவற்றைப் பையன்கள்தான் போட்டார்கள். ரோசலிண்ட், வயோலா, போர்ஷியா எல்லோரும் ஆண் வேஷம் போடும் காட்சிகளை இதை நினைவில் வைத்து வாசியுங்கள். தொப்பியும் காற்சட்டையும் மாற்றினால் கூடப்பிறந்தவனுக்கே அடையாளம் தெரியாது என்பதும் அங்கியைப் போன்ற ஓர் ஒப்பந்தமே. நம்பும்படி இல்லையே என்று அதனோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

பதினான்கு வரிகள்

பதினான்கு வரிக் கவிதையான சானெட் படிக்கத் தொடங்குகிறவர்களை நான் நேராக ரோமியோ ஜூலியட்டின் முதல் சந்திப்புக்குத்தான் அனுப்புவேன். ஆட்டமும் பாட்டமுமாக நெரிசலான ஒரு விருந்து. ரோமியோ அவள் கையைத் தொட்டு நாலு வரி பேசுகிறான். அவன் தன்னை யாத்ரீகனாகவும் அவளைப் புனிதத் தலமாகவும் சொல்கிறான். அவளும் அதே உவமையைப் பிடித்து நாலு வரியில் பதில் சொல்கிறாள். அடுத்த நாலு வரியை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கடைசி இரண்டில் ஆளுக்கொன்று, ஒரே ஒலியில் முடிகிறது. எண்ணினால் பதினான்கு. பதினான்காவது வரி முடிந்ததும் முத்தம். முன்பின் அறியாத இருவர் சேர்ந்து, ஒத்திகையில்லாமல், ஒரு சானெட்டைக் கட்டி முடித்துவிட்டார்கள். உடனே அடுத்ததைத் தொடங்குகிறார்கள். நாலு வரி போனதும் செவிலி வந்து, உன் அம்மா கூப்பிடுகிறார் என்று அறுத்துவிடுகிறாள். இந்தக் காதலுக்கு என்ன நடக்கப்போகிறது என்பது முழுதும் அந்த அறுபட்ட சானெட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

இதைப் பார்த்த பிறகு 1609இல் வெளிவந்த 154 சானெட்டுகளுக்குப் போகலாம். நாலு, நாலு, நாலு, இரண்டு என்று கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்பதாம் வரியிலோ பதின்மூன்றாம் வரியிலோ "ஆனால்" என்ற பொருளில் ஒரு சொல்லைத் தேடுங்கள். பதினெட்டாம் சானெட்டில் ஒன்பதாம் வரியில் திருப்பம். நூற்று முப்பதாவதில் பன்னிரண்டு வரிவரை, காதலியின் கண் சூரியன் இல்லை, உதடு பவளம் இல்லை, கூந்தல் பொற்கம்பி இல்லை என்று மறுத்துக்கொண்டே போய், பதின்மூன்றில்தான் திரும்புகிறார். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் வழிவந்த கவிஞர்கள் உறுப்பு உறுப்பாகப் புகழும் வழக்கம் தெரிந்தால்தான் அந்த மறுப்பின் அன்பு புரியும். கேசாதிபாதம் படித்த நமக்கு அந்த வழக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

சரி, இனி நீங்களே ஒரு காட்சியை எடுத்துச் செய்யுங்கள். மெக்பெத், மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. முப்பது வரிகூட இல்லை. மூன்று கொலைகாரர்கள் பேங்கோவுக்கும் அவன் மகன் ஃப்ளீயன்ஸுக்கும் காத்திருக்கிறார்கள். மேற்கில் இன்னும் கொஞ்சம் பகல் மினுங்குகிறது என்று ஒருவன் சொல்கிறான், அதற்குக் கோடு. குதிரைச் சத்தம் கேட்கிறது, ஆனால் குதிரைகள் வராது. இங்கிருந்து அரண்மனை வாசல்வரை எல்லோரும் நடந்துதான் போவார்கள் என்று ஒருவன் விளக்குகிறான். ஏன் இந்த விளக்கம் தேவைப்பட்டது என்று மேடையை நினைத்துப் பாருங்கள். பேங்கோவும் மகனும் தீப்பந்தத்தோடு வருகிறார்கள். "இன்றிரவு மழை வரும்" என்கிறான் பேங்கோ. "வரட்டும்" என்று பாய்கிறார்கள். முடிந்ததும் ஒருவன் கேட்கிறான்: "விளக்கை அணைத்தது யார்?"

பந்தம் எந்த வரியில் அணைந்தது, அப்போது அது யார் கையில் இருந்தது, ஃப்ளீயன்ஸ் எந்தக் கதவு வழியாக ஓடினான், பேங்கோவின் உடலை யார் எடுத்துப் போனார்கள் என்று தாளில் பொத்தான்களை நகர்த்திக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு அகராதியைத் திறக்கலாம்.